கியர் வாத்தியார்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஏதாவது ஒரு லாரிப் பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும், கியர் வாத்தியார் தென்பட்டுவிடுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தோளில் துண்டு. நடக்கும்போது வலது கால் முன்னால் போய்விடும், இடது கால் சற்று யோசித்துவிட்டுப் பின்னால் வரும். வாழ்நாளெல்லாம் கிளட்ச் மிதித்த கால் அது. "முட்டி வலிங்களா?" என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும். "வலியில்லீங்க, சர்வீசு" என்பார்.

இவருடைய பள்ளிக்கூடம் லாரி கேபின். மாணவன் கிளீனர் பையன். கட்டணத்தை ரொக்கமாக வாங்குவதில்லை. கண்ணாடி துடைக்க வேண்டும், டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும், தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்க வேண்டும், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா... வா... வா... ஹோல்டான்!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு டீ வாங்கிவர வேண்டும். இதிலெல்லாம் தேறியவனுக்குத்தான் ராடு. கியர் ராடைச் சொல்கிறேன். அதன் தலையில் ஒரு கண்ணாடிக் குமிழ், குமிழுக்குள் என்றைக்கும் வாடாத பிளாஸ்டிக் ரோஜா. அந்த ரோஜாவைத் தொட முதல் வருஷம் முழுக்கத் தடை.

"மொதல்ல காதைப் பழக்கு கண்ணு. கை தானா வரும்."

காதைப் பழக்குவது எப்படி என்றால், நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிற பையனை முழங்கையால் இடித்து, "இப்ப வண்டி எத்தனையில போகுது?" என்று கேட்பார். அவன் கண்ணைத் திறக்காமல் "அஞ்சுங்ணா" என்று சொல்ல வேண்டும். நாலு என்று சொல்லிவிட்டால் அடுத்த தாபாவில் பரோட்டா ஒன்று குறையும். கொடுமைதான். ஆனால் இந்த விஷயத்தில் நான் வாத்தியார் கட்சி. பாரவண்டியில் கியர் மாற்றுகிற நேரத்தை என்ஜின்தான் சொல்லும். இரைச்சல் ஏறியும் வேகம் கூடாமல் நின்றால் மேல் கியர், சத்தம் கம்மி முனக ஆரம்பித்தால் கீழ் கியர். டாஷ்போர்டில் ஆர்பிஎம் காட்டுகிற முள் இருக்கிறதே என்று பையன் கேட்டால், "முள்ளப் பாத்தீன்னா ரோட்ட எவன் பாப்பான்?" என்பார்.

அடுத்த பாடம் டபுள் கிளட்ச். இங்கேதான் அவர் முகத்தில் ஒரு களை வரும். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓட்டியது பழைய டாட்டா வண்டி. மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டில் 1954-இல் டாட்டாவின் டெல்கோ கம்பெனி ஜாம்ஷெட்பூரில் போட ஆரம்பித்த லாரி. 1969-இல் கூட்டு முடிந்துபோனது வாத்தியாருக்குத் தெரியாது, தெரிந்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டார். அவருக்கு அது இன்றைக்கும் 'டாட்டா பென்ஸ்'தான். அந்தத் தலைமுறை கியர் பாக்ஸ்களில், சுற்றுகிற இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தை டிரைவர்தான் இணையாக்கிக் கொடுக்க வேண்டும். கிளட்சை மிதி, நியூட்ரலுக்குக் கொண்டுவா, கிளட்சை விடு. மேலே போவதென்றால் என்ஜின் வேகம் கொஞ்சம் இறங்கும்வரை பொறு. கீழே வருவதென்றால் ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி என்ஜினை ஏற்று. மறுபடி கிளட்சை மிதி, கியரைப் போடு. இத்தனையும் ஒரு மூச்சுக்குள் நடக்க வேண்டும், மேட்டில் அரை மூச்சுக்குள்.

ஏன் இவ்வளவு என்று பையன் கேட்பான். வாத்தியார் இதற்காகவே காத்திருந்தவர்.

"ஓடற டவுன் பஸ்ஸுல ஏறியிருக்கியா? நின்ன எடத்துல இருந்து தாவுனா என்னாகும்? பல்லு போயிரும். கூடவே நாலு எட்டு ஓடி, பஸ்ஸு வேகத்துக்கு வந்து கம்பியப் புடிச்சா அது பாட்டுக்கு ஏத்திக்கும். இதுவும் அதேதான். இங்க போறது முதலாளி பல்லு, அவ்வளவுதான் வித்தியாசம்."

பொறியியல் கல்லூரியில் இதைச் சொல்ல இரண்டு வகுப்பு ஆகும். இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர் அடுத்த நிமிஷமே, "டபுள் கிளட்ச் போட்டா டயர் தேயாது" என்று சேர்த்துக்கொள்வார். கையில் இருக்கிற வித்தை சரியாக இருக்கும், வாயில் இருக்கிற காரணம்தான் சமயத்தில் பாதை மாறிப் போய்விடும். இப்போது வருகிற கியர் பாக்ஸ்களில் சிங்க்ரோ வளையம் இருக்கிறது, உரசியே வேகத்தைச் சமன் செய்துவிடும், இரண்டு தடவை மிதிக்க வேண்டியதில்லை என்று மெக்கானிக் சொன்னால், "வளையம் தேஞ்சா நீ வந்து மிதிப்பியா?" என்று மடக்குவார். அதிலும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை.

பையன் முதல்முறை கியர் போடும்போது பெட்டிக்குள்ளிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். வாத்தியார் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "டேய், கியர் போடுறியா, மசாலா அரைக்கிறியா?" அவர் கையிலேயே எப்போதாவது அந்தச் சத்தம் வந்தால் கேபினில் ஆழ்ந்த அமைதி நிலவும். பிறகு, "கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்ல. சேலத்துல காட்டோணும்" என்பார். அட்ஜஸ்ட்மென்ட் அதற்குப் பிறகு தானாகவே சரியாகிவிடும்.

காலி வண்டியில் கற்றுக்கொடுப்பதை அவர் மதிப்பதே இல்லை. காலி வண்டி இரண்டாம் கியரிலேயே கிளம்பும், நடுவில் ஒன்றைத் தாண்டிப் போட்டாலும் பொறுத்துக்கொள்ளும். "காலி வண்டி பொய் சொல்லும். லோடு வண்டிதான் வாத்தியார்" என்பார். லோடோடு மேடு ஏறும்போது நியூட்ரலில் ஒரு நொடி தயங்கினால் வேகம் கரைந்துவிடும். பையன் போட நினைத்த கியர் அதற்குள் காலாவதியாகி, அதற்கும் கீழே ஒன்றைத் தேட வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு சக்கரம், பதினான்கு சக்கரம் என்று வண்டி பெரிதானதும் வாத்தியாருக்கே சோதனை வந்தது. ஒன்பது கியர். ஊர்ந்து ஏற ஒரு கிராலர், மீதி எட்டு. பல வண்டிகளில் எட்டுக்கும் எட்டு இடம் கிடையாது, நாலே இடம்தான். ஒன்றாம் கியர் இருந்த இடத்திலேயே ஐந்து, இரண்டின் இடத்தில் ஆறு. வித்தியாசம் ராடோடு இருக்கிற ஒரு சின்ன ஸ்விட்ச்தான். நாலில் ஓடும்போதே ஸ்விட்சைத் தள்ளி வைத்துவிட்டு ராடை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால், ஏர் பிரஷர் 'புஸ்' என்று உள்ளே கீழ் நாலிலிருந்து மேல் நாலுக்கு ரேஞ்சை மாற்றும். அப்புறம் ஒன்று இருந்த இடத்துக்கே போய் ஐந்தைப் போட வேண்டும். சிக்னலில் நின்ற வண்டியை ஸ்விட்சை இறக்க மறந்து பையன் கிளப்புவான். அவன் மனசில் ஒன்றாம் கியர், பெட்டிக்குள் ஐந்தாம் கியர், மேலே முப்பது டன் சிமென்ட். வண்டி இரண்டு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும். பின்னால் நிற்கிற அத்தனை ஹாரனும் சேர்ந்து பாடம் நடத்தும்போது வாத்தியார் ஒன்றும் சொல்லமாட்டார். அவரும் அந்த ஸ்விட்சோடு பேச்சுவார்த்தையை முடித்துச் சமாதானமாக ரொம்ப நாள் ஆயிற்று.

லைசென்ஸ் விஷயத்தில் அவருக்கு அரசாங்கத்தோடு ஒரு மனத்தாங்கல். கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆக வேண்டும், இருபது வயது நிறைய வேண்டும், அதற்குப் பிறகுதான் போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். "எட்டாங்கிளாஸ எடுத்துட்டாங்க, செரி. எட்டாங்கியர எப்பப் போடறதுன்னு எவன் சொல்லித் தர்றான்?" ஐந்தாம் வகுப்போடு நின்றவர் இதைக் கேட்கும்போது பதில் சொல்லத் தோன்றாது.

ஒரு இடத்தில் மட்டும் அவர்மேல் எனக்கு நிஜமாகவே கோபம். தர்மபுரியிலிருந்து சேலம் வருகிற வழியில், விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய். "ஏறுன கியர்லதான் எறங்கோணும்" என்று பையனுக்கு மந்திரம் ஓதியவர், இறக்கம் வந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ராடை நியூட்ரலுக்குத் தள்ளுவார். டீசல் மிச்சமாம். இன்றைய என்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் இறக்கத்தில் டீசல் பாய்வது நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரிய வேண்டியிருக்கிறது. மிச்சமும் இல்லை, என்ஜின் பிடிப்பும் இல்லை, மொத்தப் பாரமும் பிரேக் தலையில். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் அந்த இறக்கத்தில் வேறு எதுவும் கை கொடுக்காது. இதைச் சொன்னால், "நான் எத்தனை வருஷமா எறங்கறேன்" என்பார். அப்படிச் சொல்ல முடியாமல் போனவர்கள் பேச வருவதில்லை.

சமீப காலமாக அவர் குரலில் ஒரு கனிவு வந்திருக்கிறது. கிளீனர் வேலைக்குப் பையன்கள் வருவதில்லை, பல வண்டி டிரைவர் மட்டுமாகப் போகிறது. முன்பெல்லாம் துண்டை முறுக்கி முதுகில் போட்டவர், இப்போது "கண்ணு, இன்னொருக்காப் போட்டுப் பாரு சாமி" என்கிறார். கர்ர்ர் சத்தத்தைக்கூட "பரவால்ல, பழகும்" என்று விட்டுவிடுகிறார்.

இந்த நேரம் பார்த்து முதலாளி கிளட்ச் பெடலே இல்லாத வண்டி ஒன்றை வாங்கிவந்தார். தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஜாதி. இரண்டு வருஷம் காது பழகிய பையன் ஏறி உட்கார்ந்தான், குமிழைத் திருகினான், போய்விட்டான். பக்கத்து சீட்டில் வாத்தியார். இடது கால் பெடல் இல்லாத இடத்தில் ஒவ்வொரு கியருக்கும் மிதித்துக்கொண்டே வந்தது. "லேட்டு... இப்பப் போட்டிருக்கோணும்... ஆங், இது செரி... முன்னால மேடு வருது, இதுக்குத் தெரியல பாரு, எறக்கு, எறக்கு..."

செட்டுக்குத் திரும்பியதும் முதலாளி கேட்டார், "எப்படிங்ணா வண்டி?"

"நல்ல வண்டிதானுங்க. இன்னும் ரெண்டு லோடு நம்மகூட வந்துதுன்னா கியர் போடக் கத்துக்கும்."