பரண் சாஸ்திரம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவே அமைந்த வாசுதேவநல்லூரைக் குறித்துச் சரித்திராசிரியர்கள் எழுதியவையெல்லாம் பூலித்தேவரையும், அவருடைய மண்கோட்டையையும், 1767இல் அக்கோட்டையைப் பீரங்கிகளோடு முற்றுகையிட்ட கர்னல் காம்ப்பெல்லையும் பற்றியனவாகவே இருக்க, அவ்வூர் வீடுகளிலுள்ள பரண்களைப் பற்றி ஒரு வரியேனும் எழுத ஒருவரும் முன்வராதது நம்முடைய சரித்திர ஞானத்திற்கு நேர்ந்த பெருங்குறை என்று கருதியே இவ்வாராய்ச்சியை மேற்கொள்ளத் துணிந்தேன். முற்றுகையின் முடிவில் கோட்டைக்குள் இருந்த வீரர்கள் கொட்டும் மழையில் வெளியேறினர் என்று படிக்கிறோம். அன்று அவர்கள் எதை எடுத்துச் சென்றனர், எதை விட்டுச் சென்றனர் என்ற விவரம் கிடைக்குமாயின் பரண் சாஸ்திரத்திற்கு அது மூலக்கிரந்தமாக அமைந்திருக்கும்.

சாஸ்திரம் என்று வந்துவிட்டால் முதலில் இலக்கணம் கூறவேண்டும். பரண் என்பது அடுக்களைக்கோ உள்ளறைக்கோ மேலே, மனிதன் நிமிர்ந்து நிற்க இயலாத உயரத்தில் அமைந்து, அடைசலை ஏற்றி வைப்பதற்குரிய இடம். அடைசல் என்பது பரணில் ஏற்றி வைக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதால் அந்யோந்யாசிரயம் என்னும் தோஷம் நேர்கிறதே என்று தர்க்க சாஸ்திரிகள் ஆட்சேபிக்கக்கூடும். அன்னார் ஏணி வைத்து ஒருமுறை மேலே ஏறிப் பார்ப்பாராயின், இரண்டையும் வேறு பிரித்துக் காண்பது எவராலும் ஆகாத காரியம் என்பதைத் தும்மலுக்கு இடையே தாமே ஒப்புக்கொள்வர்.

இனி, பூர்வபக்ஷத்தைக் கூறுவோம். வீட்டில் சேர்ந்துள்ள தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்துவிட்டால் மனம் தெளியும், தெளிந்த மனத்தில் கற்பனை ஊறும், உடலுக்கும் ஓய்வு வாய்க்கும் என்பது இக்காலத்தில் உலகெங்கும் பரவியிருக்கும் ஒரு மதம். இம்மதத்தின் ஆசாரியர்களுள் தலைமை சான்றவர் ஜப்பான் தேசத்து மேரி கோண்டோ அம்மையார். 2014இல் ஆங்கிலத்தில் வெளியாகி லட்சக்கணக்கில் விற்ற தம் நூலில், வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, அது தனக்கு ஆனந்தம் தருகிறதா என்று தன்னையே வினவி, தராத பொருளுக்கு நன்றி கூறி விடைகொடுத்துவிட வேண்டும் என்று அவர் உபதேசித்திருக்கிறார். இவ்வுபதேசம் டோக்கியோ நகரத்துச் சிறு வீடுகளில் பலித்திருக்கலாம். வாசுதேவநல்லூரில் அது முதற்படியிலேயே இடறி விழுகிறது.

ஏனெனில், பரணிலிருந்து ஒரு பித்தளைச் சருவத்தை இறக்கிக் கையிலெடுத்தால், ஆனந்தத்தைப் பற்றிய கேள்வி எழுவதற்கு முன்பே அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயர் கண்ணில் படுகிறது. பாத்திரக் கடையில் வாங்கிய கையோடு பேர் வெட்டிக் கொடுப்பது நம்மவர் வழக்கம். இன்னார் மகள் கலியாணத்திற்கு இன்னார் கொடுத்தது என்று தேதியோடு பொறிக்கப்பட்ட அந்தப் பாத்திரம், சமையலுக்கு உதவும் கருவி என்ற நிலையைக் கடந்து, இரண்டு குடும்பங்களுக்கு இடையே எழுதப்பட்ட பத்திரமாகிவிடுகிறது. தாய்மாமன் சீராக வந்த குத்துவிளக்கும், சம்பந்தி வீட்டார் வைத்த எவர்சில்வர் அண்டாவும், பேச்சுவார்த்தை நின்றுபோன பெரியப்பா அதற்கு முன்பு ஒரு காலத்தில் கொடுத்த தோண்டியும் அருகருகே கவிழ்ந்திருக்கும் பரணை, குடும்பத்தின் உறவுக் கணக்குப் பேரேடு என்றே கொள்ளவேண்டும். பேரேட்டின் ஒரு தாளைக் கிழிப்பவன் கணக்கைத் தீர்த்தவன் ஆகமாட்டான். கொடுத்தவர் என்றேனும் ஒருநாள் வீட்டிற்கு வந்து, காபி குடித்துக்கொண்டே மேலே அண்ணாந்து பார்ப்பார் என்ற பயம் ஒரு புறமிருக்க, அவர் காலமான பிறகு அந்தப் பாத்திரத்தைக் கொடுக்க மனம் வருவதே இல்லை. மஞ்சள் பையில் மணமக்கள் பெயர் அச்சிட்டுத் தாம்பூலம் கொடுக்கும் வழக்கமும் இந்தத் தத்துவத்தின் சுருங்கிய வடிவமே. அரசாங்கம் 2021இல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது, எங்கள் பக்கத்துப் பரண்கள் அதற்கு முன்னரே பல்லாண்டுகளாக ஆயத்தமாக இருந்தன.

உறவுக்காக வைத்தவை இவை. பயத்திற்காக வைத்தவை வேறு உண்டு: தாத்தா காலத்துக் கந்தாய ரசீது, செல்லாத ரேஷன் கார்டு, மின்கட்டண அட்டை. எந்த ஆபீசில் என்றைக்கு எதைக் கேட்பார்களோ என்று நினைத்து வைத்திருப்பவரைக் குறைகூற எனக்குத் தைரியமில்லை. எஞ்சியவை யாவும் என்றைக்காவது உதவும் என்ற நம்பிக்கையால் தங்கியவை. இந்த நம்பிக்கையின் வேதாந்தத்தை அறிய விரும்புவோர், கைப்பிடி போன அரிக்கேன் விளக்கைச் சுட்டி, "இத எதுக்கு ஆச்சி இன்னும் வச்சிருக்கிய?" என்று கேட்டுப் பார்க்கலாம். "கெடந்தாக் கெடக்கு, அது என்ன ஒங்கிட்டச் சோறா கேக்குது?" என்ற விடைக்கு மேரி கோண்டோ அம்மையாரின் நூலில் மறுப்பு ஏதும் இல்லை. அவ்வம்மையாரே, மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்கு செய்வதை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டதாக 2023இல் மனந்திறந்து கூறினார் என்பதையும் இங்கே மரியாதையுடன் குறிப்பிடுகிறேன்.

புதைபொருள் ஆராய்ச்சி முறைப்படி நோக்கினால், பரண் பல அடுக்குகளை உடையது. மேலடுக்கில் கைப்பேசி வந்த அட்டைப் பெட்டிகளும், குளிர்ப்பெட்டியைச் சுற்றி வந்த தெர்மாகோலும் காணப்படும். அதற்கடுத்தது 2011இல் அரசாங்கம் விலையில்லாமல் வழங்கத் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றின் காலம். அதற்கும் கீழே 2006ஆம் ஆண்டுத் தேர்தலை அடுத்து வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சியின் காலம். ஒரு வீட்டுப் பரணில் இவ்விரண்டும் எந்த வரிசையில் கிடக்கின்றன என்பதைக் கொண்டு தமிழ்நாட்டின் ஆட்சி மாற்றங்களை நிர்ணயித்துவிடலாம். இன்னும் தோண்டினால் வால்வு ரேடியோவும், தபால் ஆபீசில் பணம் கட்டிப் புதுப்பித்து வந்த அதன் லைசென்சுப் புத்தகமும், டிரங்குப் பெட்டியும், எல்லாவற்றுக்கும் அடியில் ஓலைக் கடகம், சுளவு, மரக்கால், ஈயச்செம்பு ஆகிய ஆதிகாலச் சின்னங்களும் வெளிப்படும். 1876இல் ஜாகர் என்னும் ஜெர்மானியரும், பின்னர் அலெக்சாண்டர் ரீ துரையும் பழைய திருநெல்வேலிச் சீமையின் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய செய்தியை யாவரும் அறிவர். தாழிக்கும் பரணுக்கும் ஒரு வித்தியாசமே உண்டு. தாழியில் பொருளுக்கு உரியவர் பொருளோடு மௌனமாக இருக்கிறார். பரணுக்கு உரியவரோ கீழே கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, எதையும் எடுக்கக் கூடாதென்று உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார்.

வாசுதேவநல்லூர்க் கோயிலில் இறைவன் அர்த்தநாரீசுவரத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். கிழக்கே சங்கரன்கோவிலிலோ பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தருகிறார். கடவுளே தம் திருமேனியைச் சண்டையின்றிப் பாகம் பிரித்துக்கொண்ட இத்தகைய க்ஷேத்திரங்களின் இடையே வாழும் தம்பதிகள் பரணைப் பாகம் பிரிப்பதில் மட்டும் இன்றுவரை சமரசம் காணவில்லை என்பது ஆச்சரியம். கணவன் பார்வையில் பாத்திரங்கள் அடைசல். மனைவி பார்வையில் பழைய மோட்டார் பம்பு செட்டின் உதிரிபாகங்கள் அடைசல். பிறர் பொருளே அடைசல் என்ற சூத்திரத்தை இதிலிருந்து பெறுகிறோம்.

வடமாவட்டங்களில் போகிக்குப் பழையன எரிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் தீ மூட்டுவதைவிட, பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதே பிரதானம். அதன் பொருட்டுப் பரணிலுள்ளவை யாவும் தெருவுக்கு வந்து வெயிலில் காய்ந்து, அக்கம்பக்கத்தாரால் விசாரிக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, மறுபடியும் பரணுக்கே திரும்புகின்றன. போதாக்குறைக்கு மிஞ்சிய சுண்ணாம்பு வாளியும் மட்டையும் உடன் ஏறிவிடுகின்றன. வருஷா வருஷம் ஒழிப்பதனாலேயே பரண் நிறைகிறது என்ற இந்த உண்மையைக் கண்டறிந்தவன் என்ற பெருமையை நான் கோரவில்லை. பழைய பிளாஸ்டிக்குக்கும் இரும்புக்கும் பேரீச்சம்பழம், பழைய பட்டுச் சேலைக்குப் புதுப் பாத்திரம் என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு தெருவில் வருகிற வண்டிக்காரர்கள் இதை என்றோ அறிந்துகொண்டார்கள். பழம் கொடுப்பவரால் பரண் குறைகிறது, உடம்பு வளர்கிறது. பாத்திரம் கொடுப்பவரால் அடைசல் பளபளப்பு அடைகிறதே ஒழிய, அணுவளவும் குறைவதில்லை.

ஒழிப்பதிலே அதிக உற்சாகம் உடையவர்களுக்குச் சொல்லவேண்டிய ஒரு செய்தி சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே இருக்கிறது. சங்கரன்கோவிலுக்கு வடக்கே இராஜபாளையம் போகும் வழியில் கரிவலம்வந்தநல்லூர் என்னும் ஊர் உண்டு. பாண்டியர் வழிவந்த ஒருவர் சேர்த்து வைத்த ஏட்டுச் சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்று, பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த உ. வே. சாமிநாதையர் அங்கே சென்றார். சென்று விசாரித்தபோது, குப்பை கூளமாகக் கிடந்த பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது என்று, சாஸ்திர விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகப் பதில் கிடைத்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'என் சரித்திரம்' நூலில் அவர் இதைத் தாங்கமுடியாத துயரத்துடன் பதிவு செய்திருக்கிறார். அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்பது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இடத்தைச் சுத்தம் செய்தவர்கள் துஷ்டர்களும் அல்லர். சிரத்தையும் ஆசாரமும் உடையவர்கள். சிரத்தையோடு செய்யும் ஒழிப்பு இத்தனை பூரணமாக முடியும் என்பதை நினைத்தால், கெடந்தாக் கெடக்கு என்னும் ஆச்சியின் சித்தாந்தத்தில் எனக்கு மரியாதை பெருகுகிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் இதற்கு நேர்மாறாக, நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூட எறியாமல் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்கியது, இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது.

ஆயினும் அடைசலை முற்றிலும் ஆதரிப்பதும் நியாயமாகாது. கலிபோர்னியாவில் சாக்ஸ்பீ, ரெப்பெட்டி என்னும் இருவர் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தம் வீட்டை அடைசல் நிறைந்தது என்று வருணித்த மனைவிமார்க்கு, மாலையில் இறங்கவேண்டிய கவலைச் சுரப்பு சரியாக இறங்குவதில்லை என்று கண்டனர். கணவன்மார்க்கு அப்படி ஒன்றும் பெரிதாக நேரவில்லையாம்; இதற்கு ஆராய்ச்சி தேவையா என்று வாசகிகள் கேட்கலாம். 2013இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து காத்லீன் வோஸ் என்பவர் குழுவினரோடு செய்த பரிசோதனையிலோ, ஒழுங்கான அறையில் இருந்தவர்கள் சாக்லெட்டை விட்டு ஆப்பிளை எடுத்தனர், தர்மமும் கூடுதலாகக் கொடுத்தனர். ஆனால் புதிய யோசனைகள் அலங்கோலமான அறையில் இருந்தவர்களுக்கே தோன்றின. ஆக, கற்பனைக்கு அடைசல் அநுகூலம், ஓய்வுக்கு அது பிரதிகூலம். இரண்டையும் ஒரே அறையில் எதிர்பார்ப்பவன் ஒன்றையும் அடையான்.

இந்தச் சிக்கலைப் பழைய வீடு கட்டிய கொத்தனார் எந்தப் பல்கலைக்கழகத்தையும் கேளாமலே அவிழ்த்திருந்தார். வீட்டிற்குள் உயரத்தில் பரணை வைத்து அடைசலுக்கு அதைப் பட்டா செய்துகொடுத்தார். வாசலில் திண்ணையைக் கட்டி, அதன்மீது எதையும் வைக்காமல் விட்டார். பகலில் பிள்ளைகள் படித்த திண்ணைப் பள்ளிக்கூடமும், வழிப்போக்கன் படுத்த படுக்கையும், கதை சொல்லிகளின் சபையும் அந்த வெற்றிடத்தில்தான் நடந்தன. திருக்கோவலூரில் ஒரு மழையிரவில், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே உள்ள ஓர் இடைகழியில் பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் ஒதுங்கி நின்று, நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்து, மூன்று அந்தாதிகளைப் பாடினர் என்பது வைணவப் பெரியோர் கூறும் வரலாறு. அந்த இடைகழியில் அன்று ஒரு மோட்டார் சைக்கிளும், இரண்டு காஸ் சிலிண்டர்களும், மூன்று தண்ணீர்க் கேன்களும் இருந்திருக்குமாயின் முதலில் வந்தவர்க்கே நிற்க இடம் இருந்திராது. திவ்வியப் பிரபந்தத்தில் முந்நூறு பாசுரங்கள் குறைந்திருக்கும்.

இன்றைய திண்ணையின் நிலையோ சொல்லத் தரமன்று. பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் சாலை போட்டதில் தெரு உயர்ந்து, திண்ணை தாழ்ந்து, மழைநீர் முதலில் ஏறி அமரும் இடமாயிற்று. திருட்டுக்குப் பயந்து கம்பிக் கிரில் போட்டாயிற்று. கிரில் போட்டபின், பத்திரமான இடம் ஆயிற்றே என்று மோட்டார் சைக்கிளும், இன்வர்ட்டர் பேட்டரியும், செருப்பு ஸ்டாண்டும், வீடு கட்டி மிஞ்சிய டைல்ஸும் குடியேறிவிட்டன. ஓய்வில்லை, எழுத வரவில்லை என்று அங்கலாய்ப்பவர்கள் அந்தக் குற்றத்தை நெடுங்காலமாகப் பரணின்மீது சுமத்தி வந்திருக்கிறார்கள், பரண் நிரபராதி.

ஆதலின் வாசகர்களிடம் என் விண்ணப்பம் இவ்வளவே: பரணை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். வெள்ளையடிப்புக்கென்று ஏறும்போது ஓலைச்சுவடியோ பழைய கையெழுத்து நோட்டோ கைக்குக் கிட்டினால், பழைய பேப்பர்க்காரரிடம் எடை போடுவதற்கு முன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். திண்ணையில் நிற்கும் மோட்டார் சைக்கிளை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். அதை எங்கே நிறுத்துவது என்ற வினாவுக்கு இந்தச் சாஸ்திரத்தில் விடையில்லை. பரணில் ஏற்ற முடியாது என்பது மட்டும் நிச்சயம்.