உப்புத்தாள் தவசி

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாதிரி செய்கிற இவரைப் போல, அமெரிக்காவில் அநேகமாக எல்லா ஊரிலும் ஒருவராவது இருப்பார். தெருவில் தேடிப் பிரயோஜனமில்லை; பேஸ்மென்ட்டுக்கு இறங்க வேண்டும். வயது ஐம்பதுக்கு மேல். நெற்றியில் பட்டை கட்டிய பூதக்கண்ணாடி, சட்டையெல்லாம் சாம்பல் நிறத் தூள். மேஜைமேல் ஏ.எம்.டி. கம்பெனி 1974-இல் வெளியிட்ட ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடரின் சாமான்களை ஒட்டிச் செய்யும் கிட்டின் மறுவெளியீடு. உள்ளே மூன்று சாமான்கள்: ஃபேஸர் துப்பாக்கி, கம்யூனிகேட்டர் என்கிற பேசும் கருவி, டிரைகார்டர் என்கிற ஆராயும் கருவி.

பெட்டியைத் திறந்ததும் ஒட்ட ஆரம்பித்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். முதல் வேலை, குறை கண்டுபிடிப்பது. அடிக்குச்சியை வைத்துப் பார்த்து, “அளவு குறைச்சல்” என்று உதட்டைப் பிதுக்குவார். வாஸ்தவம்தான். படப்பிடிப்பில் இருந்தவற்றைவிட இவை சிறிசு. அந்தக் காலத்துப் பையன்கள் இதை வைத்துக்கொண்டு தோட்டத்தில் குதித்து விளையாடினார்கள், ஒருவனும் அளவெடுக்கவில்லை. அந்தப் பையன்களில் இவரும் ஒருவர்.

அடுத்தது ஒட்டும் படலம். பிளாஸ்டிக் சிமெண்ட் வெறும் கோந்து அல்ல. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் இளக்கி இரண்டு பாதியையும் ஒன்றாக்கிவிடும். அசதியில் கை பட்டால் விரல்ரேகையும் நிரந்தரமாகப் பதிந்துவிடும். காய்ந்த பிறகு, நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுதான் இவருடைய ஜென்மப் பகை. பட்டி பூசுவார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து 400-ஆம் நம்பரில் தேய்ப்பார், 600-இல் தேய்ப்பார், 1000-இல் தேய்ப்பார். பெண் வீட்டார் ஜாதகம் பார்க்கிற மாதிரி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கோடு போயே போச்சு! பிரைமர் அடிப்பார். கோடு அங்கேயே இருக்கும். மறுபடி பட்டி.

இத்தனைக்கும் அசலின் கதை என்ன? 1966-இல் தொடங்கிய டி.வி. தொடர். கம்யூனிகேட்டரையும் டிரைகார்டரையும் செய்துகொடுத்தவர் வா சாங் என்ற கலைஞர். கேமராவுக்கு அருகில் காட்ட, உள்ளே ஸ்டாப்வாட்ச் இயந்திரத்தால் கோலம்போல் ஒரு தட்டு சுழலும் கம்யூனிகேட்டர்கள் சில. மற்றவை நடிகர் இடுப்பில் தொங்குவதற்கான வெறும் டம்மிகள். அன்றைய டி.வி. பெட்டியில் கீறலும் தெரியாது, கோடும் தெரியாது. எவரும் பார்க்கவும் இல்லை.

இவர் பார்த்திருக்கிறார். காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். ஃபேஸரின் உடம்பு கறுப்பா, கருஞ்சாம்பலா என்று இவர் வாதாட ஆரம்பித்தால் விருந்தினர் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள். அசலில் ஒரு கீறல் உண்டென்று தெரிந்துவிட்டால் போதும், அதே இடத்தில், அதே நீளத்தில், இங்கும் வேண்டும். சொந்தக் கீறலை வாரக்கணக்கில் தேய்த்து ஒழித்துவிட்டு, அடுத்தவர் கீறலைப் பூதக்கண்ணாடி வைத்துப் போடுகிற மனிதரை வேறெங்கே காண்பது!

சுவரோரம் பிரிக்காத பெட்டிகள் கூரை முட்ட நிற்கும். புதிதாக ஒன்று வந்து சேர்ந்தால் அடியில் சொருகிவிடுவார். மனைவி கேட்டால், “அதுவா? ரொம்ப நாளா இங்கேதானே இருக்கு!” இந்த ஆயுளில் முடியாது என்று இருவருக்கும் தெரியும். ஒருவர் சொல்வதில்லை, மற்றவர் கேட்பதில்லை. தாம்பத்தியம் நன்றாகவே நடக்கிறது.

ஒரு நாள் கம்யூனிகேட்டர் முடிந்தேவிடும். அலமாரியில் வைத்து, தூசி விழாமல் கண்ணாடிக் கதவைச் சாத்துவார். பேரன் வந்து எட்டிப் பார்ப்பான்.

“தாத்தா, இது வேலை செய்யுமா?”

தாத்தாவுக்குக் கோபம் வராது. இத்தனை நாள் உழைப்புக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி ஏது? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்:

“அசல் எவ்வளவு வேலை செஞ்சுதோ, இம்மி பிசகாம அவ்வளவு செய்யும்டா!”