‘தனியாவா வந்தீங்க?’: ஒரு வினாவின் இலக்கணம்

மோட்டாரை நிறுத்தி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பேராக் மாநிலத் தமிழர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “தனியாவா வந்தீங்க?” இலக்கண ஆசிரியர்கள் இதுவரை கண்டுகொள்ளாத இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் கருவி, வயதைச் சொல்ல விரும்பாத ஒரு கப்சாய். களம், தஞ்சோங் மாலிமிலிருந்து கோலகங்சார் வரையிலான பழைய சாலையும் அதன் கிளைகளும். காலம், பள்ளி விடுமுறையில் நான்கு நாள். நிதி, வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரியாமல் ஒதுக்கியது.

கப்சாய் என்பதற்கு விளக்கம் தேவை. 1958-ல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா கப், மலாயாவுக்கு வந்தபின் ‘சிறுசு’ என்று பொருள்படும் கண்டோனீசுச் சொல்லான ‘சாய்’ ஒட்டிக்கொண்டு கப்சாய் ஆயிற்று என்பர். இதில் ஏறி மாநிலம் சுற்றுவதைப் பெரிய பைக்காரர்கள் சுற்றுலா என்று ஒப்புக்கொள்வதில்லை. அவர்களை யாரும் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்பதுமில்லை. ஆகவே அவர்கள் இவ்வாய்வுக்குப் புறம்பானவர்கள்.

நெடுஞ்சாலை இருக்கப் பழைய சாலை எதற்கு எனின், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது, உண்மைதான். காசும் கேட்க மாட்டார்கள், கேள்வியும் கேட்க மாட்டார்கள். கேள்வியை ஆராய வந்தவனுக்கு அங்கே என்ன வேலை?

நன்னூல் செய்த பவணந்தியார் வினாவை ஆறாகப் பகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. நம் வினா எதில் அடங்கும்? பின் இருக்கை காலியாக இருப்பது கேட்பவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆகவே அறியாவினா அன்று. அறிந்தே கேட்பதால் அறிவினா எனலாமோ எனின், அது ஆசிரியர் மாணவனைச் சோதிக்கக் கேட்பது. பீடோரில் ஒட்டுக்கடைக்காரர் என்னைச் சோதித்ததாகத் தெரியவில்லை. தே தாரேயை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே கேட்டார். ஐயவினாவாக இருக்க இடமுண்டு. கூட வந்தவர் யாரும் வழியில் விழுந்துவிட்டாரோ என்ற ஐயம். என் கப்சாயைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான ஐயமே.

தாப்பாவில் உண்மை வெளிப்பட்டது. கோயில் வாசலில் நின்ற ஒரு தாத்தா, “தனியாவா தம்பி?” என்றார். “ஆமாங்க” என்றேன். பவணந்தியார் விடையை எட்டாகப் பகுத்தார். இது அவற்றுள் நேர்விடை. நேர்விடையின் ஆபத்தை அவர் எழுதிவைக்கவில்லை. தாத்தா பின்னால் ஏறிவிட்டார். “ரெண்டு கட்டைதான், போற வழிதான்.” மலேசியாவில் 1973 முதல் ஹெல்மெட் கட்டாயம். தாத்தா ஹெல்மெட்டோடுதான் கோயிலுக்கு வந்திருந்தார். அவரிடம் மோட்டார் இல்லை. இது முன்கூட்டியே திட்டமிட்ட செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதிலிருந்து பெறப்படும் நூற்பா வருமாறு:

தனிவழிச் செல்வோன் தனியன் அல்லன்
பின்னிருக் கையது பிறர்க்குரித் தாகலின்.

உரை வெளிப்படை. ஆனால் ‘கட்டை’க்கு உரை எழுதாமல் நகர முடியாது. மைல்கல்லுக்குக் கட்டை என்று பெயர். நாடு கிலோமீட்டருக்கு மாறியும் தோட்டத்துச் சனங்கள் மாறவில்லை. ஏழாங்கட்டை என்றால் ஏழாவது மைல். அங்கே கல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாத்தாவின் ‘ரெண்டு கட்டை’ என் மீட்டரில் ஒன்பது கிலோமீட்டர் காட்டியது. கட்டை என்பது தூர அளவையா, சொல்பவரின் நல்லெண்ண அளவையா என்பது தனி ஆய்வுக்குரியது.

அடுத்து வரும் கேள்வி இன்னும் ஆழமானது. “எந்தத் தோட்டம்?” கோலாலம்பூரில் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவனையும் இப்படித்தான் கேட்பார்கள். ஊர் என்று சொன்னால் போதாது. அப்பா பிறந்த தோட்டம், அது இல்லையென்றால் தாத்தா பால் வெட்டிய தோட்டம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர். துரை வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, சனங்கள் வைத்த பெயர் ஒன்று. முதலாவது வரைபடத்தில் இருக்கும், ஆளுக்குத் தெரியாது. இரண்டாவது எல்லாருக்கும் தெரியும், வரைபடத்தில் இருக்காது. இன்று லயம் இடிந்து, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்ட இடங்களில் இரண்டு பெயரும் இல்லை. ஆனால் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வேண்டும். அப்பா பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். “அதுதான் இப்ப இல்லையே” என்பார்கள் திருப்தியோடு. இல்லாத ஊரைச் சரியாகச் சொன்னவன் நம்பத் தகுந்தவன்.

தோட்டம் ‘இல்லாமல்’ போனதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே பழையவர்களுக்கு இன்றும் முகம் மாறும். அதைத் தடுக்கத் தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டம் வாங்கலாம் என்று 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் சம்பந்தன். அவர் சுங்கை சிப்புட்காரர். அவரைத் தோட்டம் கேட்டு யாரும் தொந்தரவு செய்திருக்க மாட்டார்கள். தோட்டப் பெயர்களைக் கடைசியாகக் காப்பாற்றி வருபவை தமிழ்ப்பள்ளிகள். தோட்டம் போய், பள்ளி பட்டணத்துக்கு இடம் மாறியபின்னும், பெயர்ப்பலகையில் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்றே நிற்கும். சுற்றிலும் கார் கழுவும் கடையும் பேரங்காடியும் இருக்கும்.

பத்து காஜா அருகே ‘தனியாவா?’ என்ற கேள்விக்கு ஒரு வெள்ளைக்காரரே பதில் சொல்லியிருக்கிறார். வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், தோட்டத்துரை. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை வைத்து மாளிகை கட்டினார். வேலை நடக்கும்போது விஷக்காய்ச்சலில் ஆட்கள் செத்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், கட்டிக்கொடுத்தார். 1926-ல் லிஸ்பனில் அவர் இறந்தார், மாளிகை முடியவில்லை. கோயில் முடிந்தது. அதன் கூரையில் தெய்வங்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு சுதைச் சிலை நிற்கிறது, துரைதான். மாளிகையைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். நான் கோயிலோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு மனிதனைத் தனியாக விடுவதில்லை என்று எங்கள் சனங்கள் முடிவு செய்துவிட்டால் கூரையில்கூட இடம் பார்த்துக் கொடுப்பார்கள்.

ஈப்போவில் இரவு தங்கல். கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1917-ல் முடிந்த ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று ஒயிட் காப்பி குடிக்க வேண்டும் என்பது என் திட்டம். புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கப் போனதால் அது கெட்டது. தென்மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறையாகக் கடலையும் முறுக்கும் பகோடாவும் செய்து நாடு முழுக்க அனுப்பும் பகுதி அது. கடைக்கார அக்கா, “தனியாவா வந்தீங்க தம்பி? எது வரைக்கும்?” என்றார். கோலகங்சார் என்று சொல்லித் தொலைத்தேன். “அப்ப சுங்கை சிப்புட் தாண்டித்தானே போவணும்!” நாத்தனாருக்கு இரண்டு கிலோ முறுக்கு என் முன்கூடையில் ஏறியது. ஆகவே நம் வினா கொளல்வினாவும் ஆகும், கொடைவினாவும் ஆகும். பவணந்தியார் இரண்டையும் தனித்தனியே வைத்தது ஏன் என்பது விளங்கவில்லை. அவரிடம் மோட்டார் இல்லை என்பது தவிர.

செம்மோர் தாண்டியதும் மழை பிடித்தது. நிற்காமல் ஓட்டியதில் சுங்கை சிப்புட் பின்னால் போனதே தெரியவில்லை. கோலகங்சாரில், 1877-ல் நட்ட ஒன்பது ரப்பர் மரங்களில் எஞ்சிய ஒன்றை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். என் தாத்தா கோட்டு விட்டுக் கோட்டு, மரம் விட்டு மரம் சீவியதெல்லாம் இந்த வகையறாவின் பிள்ளைகளைத்தான். வேலிக்குள் கூட்டாளிகள் இல்லாமல் நின்றது. நான்கு நாளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டது அதை மட்டும்தான்.

திரும்பும் வழியில் முறுக்கைக் கொடுக்கப் போனேன். “ஆத்துப் பாலம் தாண்டி ஒரு கட்டை, பழைய தோட்டத்துக் கோயில் வரும், அங்க கேளுங்க” என்பதே முகவரி. கோயில் வந்தது, தோட்டம் வரவில்லை. மூன்று பேரைக் கேட்டேன், மூவரும் முதலில் என்னைக் கேட்டார்கள். ஒருவழியாக வீட்டைப் பிடித்தபோது நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தார், புந்தோங்கிலிருந்து நேற்றே போன் வந்துவிட்டதாம். பையை வாங்கினார். என் தோளுக்குப் பின்னால் காலி இருக்கையை ஒரு முறை பார்த்தார். பிறகு பையைத் திறந்தார்.

பாதி முறுக்கு உடைந்திருந்தது. மீதியில் ஒரு பிடி குறைந்திருந்தது. அதுபற்றி அவர் கேட்டதற்கு நான் சொன்ன விடை, நன்னூலின் எட்டில் எதிலும் சேராது.