புல்லும் முட்டையும்

அமெரிக்க நாடாளுமன்ற வளவில் பிள்ளைகள் ஈஸ்டர் முட்டை உருட்டிப் புல் பழுதாகிறதென்று 1876இல் சட்டமே போட்டு அவர்களை விரட்டினார்கள். 1878இல் அதிபர் ஹேய்ஸ் இரங்கி, வெள்ளை மாளிகைப் புல்வெளியைத் திறந்துவிட்டார். அன்று தொடங்கியதுதான் அங்கத்தைய குடும்ப விழா.

எங்கள் ஊரான திரியாயில் அப்படியொரு சட்டம் தேவைப்படாது. சித்திரை வெயிலில் பாதுகாக்கப் புல் எங்கே கிடக்கிறது? ஈஸ்டரை ஒட்டி வரும் நம்முடைய குடும்ப விழா சித்திரை வருஷ விளையாட்டுத்தான்: கயிறிழுப்பு, முட்டி உடைப்பு, யானைக்குக் கண் வைத்தல், தலையணைச் சண்டை. (கடைசியது வீட்டிலும் நடப்பதால் பயிற்சி தேவையில்லை.) முட்டை விற்கிற விலைக்கு அதை உருட்ட மனம் வருமா? கரண்டியில் தேசிக்காய் போதும்.

பிரதம அதிதி வந்த பிறகுதான் சாக்கோட்டம் தொடங்கும். அதுவரை பிள்ளைகள் சாக்குக்குள்ளேயே நிற்பார்கள்.