மைசூர்பாவும் மாஸ்க் பரோட்டாவும்

கேள்வி: மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவதற்குள், ‘முப்பதே நாளில் சர்க்கரை குணம்’ என்று கையில் நோட்டீஸைத் திணித்துவிடுகிறார்கள். இதையெல்லாம் கேட்க ஆளே இல்லையா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: சட்டம் இருக்கிறது. வயதுதான் எழுபதைத் தாண்டிவிட்டது! 1954-இல் வந்த மாய நிவாரணத் தடைச் சட்டப்படி, நீரிழிவு, உடல் பருமன் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம்.

2020 ஜூலையில் கோவைப் பக்கம் சின்னியம்பாளையத்தில் ஓர் இனிப்புக் கடை, ‘ஒரே நாளில் கொரோனா போகும்’ என்று மூலிகை மைசூர்பா விற்றது. அதிகாரிகள் வந்து 120 கிலோவை அள்ளிக்கொண்டு கடைக்குச் சீல் வைத்தார்கள். (இனிப்பைத் தின்றே நோய் தீருமென்றால், நம்மூர் அல்வாக் கடைகளில் டோக்கன் போட டாக்டர் உட்கார்ந்திருப்பார்.) அதே மாதம் மதுரையில் ஓர் ஓட்டல் முகக்கவச வடிவில் பரோட்டா போட்டது. தின்றால் கொரோனா தீரும் என்று அது சொல்லவில்லை. முகக்கவசம் போடுங்கள் என்று மட்டும் சொன்னது. சால்னாவுக்கு இருக்கிற நேர்மை!

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2024-இல் பதஞ்சலி நிறுவனம் தன் தவறான மருந்து விளம்பரங்களுக்காகப் பத்திரிகைகளில் மன்னிப்பு கேட்டது. ‘மன்னிப்பும் உங்கள் விளம்பர அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா?’ என்று உச்ச நீதிமன்றம் கேட்டுவிட்டது.

அந்த நோட்டீஸைக் கிழிக்காதீர்கள். மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் புகாரோடு அனுப்புங்கள். அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஐயா.