மடியில் ஏறிய பை: டவுன் பஸ் காதல் குறித்த ஓர் ஆய்வுரை

நின்றுகொண்டு வருபவர் தம் பையை நீட்டுவதும், உட்கார்ந்திருப்பவர் ஏன் என்று கேளாமல் அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்வதும் தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸின் எழுதாத சட்டம். ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. பர்ஸ், ரெக்கார்ட் நோட்டு, மதியச் சாப்பாடு அத்தனையும் முன்பின் தெரியாத ஒருவரின் மடிக்குப் போய்விடுகின்றன. அறிஞர் உலகம் இதற்குத் தகுந்த மரியாதை தரவில்லை என்பது இவ்வாய்வாளரின் மனக்குறை. இந்தப் பைக்கும் காதலுக்கும் உள்ள உறவை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: காலை நேரக் கல்லூரி வழித்தடங்கள். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி போன்றவை. ஏசி பஸ்ஸும் மெட்ரோ ரயிலும் விலக்கப்படுகின்றன. அங்கே அவரவர் பை அவரவர் தோளில்.

முன்னோடி ஆய்வுகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று லியோன் ஃபெஸ்டிங்கரும் இரு தோழர்களும் ஆராய்ந்து 1950இல் நூலாக்கினார்கள். அடுத்த கதவுக்காரரை நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். நான்கு கதவு தள்ளி இருந்தவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். நட்பை நிர்ணயித்தது குணமல்ல, நடை தூரம். 1992இல் மோர்லாண்ட், பீச் என்ற இருவர் நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள்: ஒருத்தி 15 முறை, ஒருத்தி 10, ஒருத்தி 5, மற்றவள் போகவே இல்லை. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிவில் அதிகம் வந்தவளே அதிக அழகியாக மாணவர்களுக்குத் தோன்றினாள். ஒரே பஸ்ஸில், ஒரே கம்பியைப் பிடித்து, ஒரு செமஸ்டர் முழுக்க நின்ற முகம் ஏன் திடீரென்று லட்சணமாகிவிடுகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இது நம் கண்டக்டர்களுக்கு முன்பே தெரியும். அவர்கள் கட்டுரை எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது படிக்கட்டு. 1974இல் டட்டன், ஆரன் இருவரும் கனடாவின் கபிலானோ தொங்குபாலத்தில் ஒரு பெண்ணை நிறுத்தி, கடந்து வந்த ஆண்களிடம் கேள்வி கேட்கவைத்து, அவளுடைய தொலைபேசி எண்ணையும் கொடுக்கச் சொன்னார்கள். ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். அசையாத மரப்பாலத்தில் 16 பேரில் 2 பேர். பயத்தில் அடித்த நெஞ்சைக் காதலில் அடித்ததாக எடுத்துக்கொண்டார்கள் என்பது விளக்கம். ஃபுட்போர்டில் தொங்கும் இளைஞர்கள் இந்த ஆய்வைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள். பாலத்தில் மயங்கியவர் நடுங்கியவர்தான். தொங்குபவனுக்குத்தான் நெஞ்சு படபடக்கும். ஜன்னலோரம் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எரிச்சல்தான் வரும்.

இப்போது பைக்கு வருவோம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னை எதிர்த்த ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் அரிய புத்தகமொன்றை இரவல் கேட்டு வாங்கினார். கொடுத்தவர் அதன்பின் நண்பராகிவிட்டார் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1969இல் ஜெக்கர், லாண்டி இருவரும் இதைச் சோதித்தார்கள். சோதனையில் வென்ற பணத்தை, "என் சொந்தப் பணம், திருப்பித் தர முடியுமா?" என்று ஆய்வாளரே கேட்டு வாங்கிய மாணவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட அவரை அதிகம் பிடித்துப்போனது. உதவி பெற்றவருக்கு அல்ல, செய்தவருக்குத்தான் பிடிப்பு பிறக்கிறது. 'இவருக்காக இவ்வளவு செய்கிறேனே, அப்படியானால் இவரை எனக்குப் பிடித்திருக்க வேண்டும்' என்று மனம் தானே கணக்கை நேர் செய்துகொள்கிறது. இந்தக் கணக்கை 1957இல் கோட்பாடாக எழுதியவரும் அதே ஃபெஸ்டிங்கர்தான். அவர் எங்கள் வழித்தட பஸ்ஸில் வந்ததற்கு ஆதாரமில்லை.

ஆக, இவ்வாய்வின் முதன்மை முடிவு: பை கொடுத்தவர் காதலிப்பதில்லை, பையைச் சுமந்தவர் காதலிக்கிறார். கொடுத்தவள் "தேங்க்ஸ்ணா" என்று வாங்கிக்கொண்டு இறங்கிப்போகிறாள். அந்த 'அண்ணா'வைக் காதில் வாங்காமல், மடியில் பட்ட சாம்பார்க் கறையை ஞாபகச் சின்னமாக வைத்துக்கொள்கிறான் சுமந்தவன். தொல்காப்பியர் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று தனியே பிரித்து வைத்ததும், மெய்ப்பாட்டியலில் காதலர் ஒப்புமை பத்து என எண்ணியபோது சுமை தூக்குதலைச் சேர்க்காமல் விட்டதும் கவனிக்கத்தக்கவை. பெரியவர் தெரிந்துதான் விட்டிருக்கிறார்.

மறுப்பு ஒன்று வரக்கூடும். படிக்கட்டில் தொங்குபவர்கள் நோட்டுகளை ஜன்னல் வழியே பெண்களிடம் திணிக்கிறார்களே, அந்தப் பெண்கள் ஏன் மயங்குவதில்லை? விடை எளிது. மயங்குவதற்குக் காரணமானவர் ஒருவராக இருக்க வேண்டும். ஐந்து பேருடைய நோட்டு ஒரே மடியில் குவிந்தால் பிறப்பது கால் மரத்தல் மட்டுமே.

எனவே காதலிக்கப்பட விரும்பும் இளைஞர்களுக்குச் சொல்வது: சீட்டுக்காக முண்டியடிக்க வேண்டாம். எழுந்து நில்லுங்கள், பையை நீட்டுங்கள். நீட்டுமுன் டிபன் பாக்ஸ் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.