கை சுத்தம், தலை தீட்டு

2020இல் கேரளம் கழுவிய கழுவலை ஊரே மெச்சியது. ‘பிரேக் த செயின்’ என்று பெயர் வைத்து, பேருந்து நிலையம், கடைத்தெரு, மாதா கோவில் வாசல் என்று எங்கும் வாளியும் சோப்பும் வைத்தார்கள். விரலிடுக்கு, புறங்கை, நகக்கண் எதுவும் பாக்கியில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி மாவட்டத்து வட்டவடையில் பஞ்சாயத்தே முடிதிருத்தும் கடை ஒன்றைத் திறக்க வேண்டி வந்தது. காரணம், தலித்துகளான சக்கிலியர் தலையில் பட்டால் ஊர்க்கடைக் கத்தரிக்குத் தீட்டாம். முடி வெட்ட மூணாறு வரை, 40 கிலோமீட்டருக்கு மேல் போய் வந்திருக்கிறார்கள். கழுவிய கை தயார், துடைத்த கத்தரி தயார், தலைக்குத்தான் தகுதியில்லை.

பாலக்காடும் இதில் இளைத்ததில்லை. முதலமடைப் பக்கம் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், 2017இல், டீக்கடையிலும் குழாயடியிலும் கவுண்டர்கள் தங்களை ஒதுக்குவதாக அதே சக்கிலியர் புகார் சொன்னார்கள். குழாயையே தொடக் கூடாதென்றால் எதில் ஐயா கை கழுவுவது?

“அதெல்லாம் இந்துக்கள் சமாச்சாரம்” என்று சிலுவை போட்டுக்கொள்கிற அன்பர்களே, மாற்கு ஏழாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். சீடர்கள் கை கழுவாமல் சாப்பிட்டதற்குப் பரிசேயர் வந்து பஞ்சாயத்து வைக்கிறார்கள். வயிற்றுக்குள் போவது மனிதனைக் கெடுக்காது, மனசுக்குள்ளிருந்து கிளம்புவதுதான் கெடுக்கும் என்று இயேசு கூட்டத்தைக் கூப்பிட்டுச் சொல்கிறார். பிரசங்கத்துக்கு அருமையான பகுதி! பிரசங்கம் முடிந்ததும் அவரவர் பக்கத்து வாசல் வழியாக வீட்டுக்குப் போகலாம்.

வாசல் என்று சும்மா சொல்லவில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோவிலையே இரண்டு கையாகக் கட்டினார்கள், சாதிக்கு ஒரு கை. பீடம் மட்டும் பொது. நடுச்சுவர் 1910இல்தான் விழுந்தது. திருச்சி மேலப்புதூரில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் வைத்தார்கள். மண்ணுக்குள் போன பிறகும் எலும்புக்கு எலும்பு தீட்டுப் பார்க்கிற ஞானம் எந்தப் பரிசேயனுக்கு இருந்தது?

திருச்சபைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருக்கிறதென்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்பதும் அந்த ஆவணத்தின் கணக்குதான். ஒப்புக்கொண்டதும் பாவசங்கீர்த்தனம் முடிந்தது. பரிகாரம் என்று ஒன்று உண்டே, அதை யார் செய்வது?

தில்லி இதைவிடக் கெட்டி. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பது அதன் வாதம்; தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதியில்லை என்பது 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் விளைவு. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கதவு திறந்தது. இவர்களுக்கு 2022இல் ஓர் ஆணையம் கிடைத்தது. அதற்குத் தவணைமேல் தவணை. ஆக, சலுகை கேட்டால் சாதியில்லை, கல்லறையில் இடம் கேட்டால் சாதியுண்டு. பிலாத்துவாவது ஒரே ஒரு தடவைதான் கை கழுவினான்.

அந்த 1950 ஆணை வந்த ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்க ஆயர்கள் அழைக்கிறார்கள். வாருங்கள் சாமி, ஊர்வலம் போவோம். வழியில் உங்கள் மறைமாவட்டக் கல்லறை எதிலாவது நடுச்சுவர் நின்றால் இடித்துவிட்டுப் போவோம். கடப்பாரை நான் கொண்டுவருகிறேன்.